மஞ்சளிலேயே கிளம்புங்கள்

வடகிழக்குப் பருவமழை வாசலுக்கு வந்துவிட்டது. அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் முடிய, வங்கக் கடலில் எந்தத் தாழ்வு நிலை எப்போது புயலாகும் என்று வானிலை மையம் பார்த்துக்கொண்டிருக்கும். நாம் டிவியில் மாவட்டத்துக்கு என்ன நிறம் என்று பார்த்துக்கொண்டிருப்போம். மாற்றுத்திறனாளி இருக்கும் வீடுகளுக்கு இந்த மழைக்கு ஒரே ஒரு விதி: மற்றவர்கள் ஆரஞ்சு எச்சரிக்கையில் செய்வதை நீங்கள் மஞ்சளில் செய்யுங்கள், அவர்கள் சிவப்பில் செய்வதை ஆரஞ்சிலேயே முடித்துவிடுங்கள்.

காரணம் இருக்கிறது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். கடல் சூடேறியிருந்தால் புயல் சீக்கிரம் வலுக்கும். 24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டரைத் தாண்டினாலே அதை அதி கனமழை என்கிறார்கள். 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பெய்தது 95 சென்டிமீட்டர். அடுத்த ஆண்டு நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயல் நகராமல் மணிக்கணக்கில் நின்று கொட்டியது. எச்சரிக்கை வருவதற்கும் தண்ணீர் வருவதற்கும் இடையே கிடைக்கும் நேரம் குறைந்துவிடலாம். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறவே இருபது நிமிடம் எடுப்பவருக்கு வேண்டியதே அந்த நேரம்தான்.

பேரிடர் அபாயக் குறைப்புக்கான ஐ.நா. அலுவலகம் 2023இல் வெளியிட்ட ஆய்வில், பதில் சொன்ன மாற்றுத்திறனாளிகளில் 84 சதவீதம் பேரிடம் தனக்கென்று ஒரு பேரிடர்த் திட்டம் இல்லை. திட்டம் என்றதும் கோப்பும் அறிக்கையும் என்று நினைக்க வேண்டாம். யார் வந்து தூக்குவார், எங்கே போவோம், எதில் போவோம் என்ற மூன்று கேள்விக்கு இந்த வாரமே பதில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். தூக்க வருபவர் ஒருவர் போதாது, இரண்டு பேர் வேண்டும். மழை பெய்யும் நாளில் ஒருவர் வேலைக்குப் போன இடத்திலேயே மாட்டிக்கொள்வார்.

மருந்து முதலில். வலிப்பு, மனநலம், சர்க்கரை எதற்கானாலும் இரண்டு வாரத்துக்கு மேல் கையிருப்பு இருக்கட்டும். வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு திரும்ப வரலாம். மழை விட்டதும் வாங்கிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடாத மருந்து அது. சீட்டின் நகலையும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, மாத்திரையோடு ஒரே பையில் வையுங்கள். சிறுநீர்க் குழாய் வைத்திருப்பவர்கள் மாற்றுக் குழாய், பை, கையுறை ஆகியவற்றையும் அதிலேயே சேர்க்க வேண்டும்.

மின்சாரம் போனால் என்ன நின்றுபோகும் என்று வீட்டைச் சுற்றி ஒருமுறை பாருங்கள். படுக்கையிலேயே இருப்பவருக்குக் காற்று மெத்தை போட்டிருந்தால், பம்ப் நின்றதும் மெத்தை அமுங்கி உடம்பு கட்டிலில் அழுந்தும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் புண் வரும். இரவில் யார் எழுந்து புரட்டுவது என்று முன்பே முறை போட்டுக்கொள்ளுங்கள். ஆக்சிஜன் இயந்திரத்தை நம்பியிருப்பவர்கள் மழைக்குள் வீட்டில் காத்திருக்கவே கூடாது. மஞ்சள் வந்ததும் ஜெனரேட்டர் உள்ள மருத்துவமனைக்கு அருகிலிருக்கும் உறவினர் வீட்டுக்குப் போய்விடுங்கள். மின்சாரச் சக்கர நாற்காலியைத் தண்ணீரில் இரண்டு பேர் தூக்கிப் போக முடியாது. அதன் கனம் அப்படி. பழைய கைச்சக்கர நாற்காலி பரணில் கிடந்தால் இறக்கி, டயருக்குக் காற்றடித்து வையுங்கள். இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரைச் சைலன்சர் மூழ்கும் தண்ணீரில் இறக்காதீர்கள். மூழ்கிவிட்டால் மெக்கானிக் பார்க்கும் வரை ஸ்டார்ட் செய்யவும் வேண்டாம்.

பார்வையற்றவர்களுக்கு மழை வேறு விதமான ஆபத்து. வண்டி வருவதைச் சொல்லும் ஓசையை மழைச் சத்தம் விழுங்கிவிடுகிறது. ஓடும் தண்ணீரில் திறந்த சாக்கடைக் குழியின் விளிம்பைக் கோல் கண்டுபிடிக்காது. தெருவில் தண்ணீர் ஓடும்போது தனியாக இறங்காதீர்கள். உதவிக்கு வருபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அவர் கோலையோ கையையோ பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் முழங்கையை நீட்டுங்கள், அவர் பிடித்துக்கொள்வார். படி வந்தால் ஏறுபடியா இறங்குபடியா என்று வாயால் சொல்லுங்கள்.

காது கேளாதோர் வீட்டுக்கு ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லும் அறிவிப்பு போய்ச் சேராது. நள்ளிரவில் கரண்டும் போய்விட்டால் டிவியின் அடியில் ஓடும் வரியும் இல்லை. மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டத்துக்கு 1077 என்று எல்லோருக்கும் எண் கொடுக்கிறோம். பேசினால்தான் பயன்படும் எண்ணைக் காது கேளாதவரிடம் கொடுத்துவிட்டு எல்லோருக்கும் சொல்லியாயிற்று என்று கணக்குக் காட்டுவது எனக்கு ஒவ்வாத விஷயம். இப்போதைக்கு வழி இதுதான். பக்கத்து வீட்டில் ஒருவரோடு பேசி வைத்து, ஆபத்தென்றால் ஜன்னலில் மூன்று முறை டார்ச் அடிக்கச் சொல்லுங்கள். ஒரு சாவியும் அவரிடம் இருக்கட்டும். போனை அதிர்வில் வைத்துத் தலையணைக்கு அடியில் போடுங்கள். அதன் அமைப்புகளில் அவசர எச்சரிக்கை அணைந்திருந்தால் போட்டுவிடுங்கள். காது கருவிக்கு ஈரம் ஆகாது. மருந்து டப்பாவில் வரும் சிலிக்கா பொட்டலத்தோடு மூடி போட்ட டப்பாவில் வைத்தால் தப்பிக்கும்.

நிவாரண முகாமைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பெரும்பாலும் அது ஒரு பள்ளிக்கூடமோ கல்யாண மண்டபமோதான். நான் பார்த்த ஒன்றில் வாசலில் சாய்தளம் அழகாக இருந்தது. கழிப்பறைக்குப் போக மூன்று படி. அங்கே தங்கிய ஒரு பெண் இரண்டு நாள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார். தண்டுவடம் பாதித்தவர்கள் இப்படிச் செய்தால் சிறுநீர்த் தொற்றில் முடியும். அதனால் வெயில் இருக்கும்போதே உங்கள் ஊர் முகாமைப் போய்ப் பாருங்கள். கதவு அகலம் போதுமா, கழிப்பறைக்குள் நாற்காலி திரும்புமா என்று பாருங்கள். சரியில்லை என்றால் போக வேறு வீட்டை இப்போதே தேடுங்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளை, அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளை என்றால் அவர்களையும் கூட்டிப்போய் இடத்தைக் காட்டுங்கள். கூட்டமும் சத்தமும் அவர்களைக் கலங்கடிக்கும். தினம் போர்த்தும் போர்வையைப் பையில் போட மறக்காதீர்கள். சட்டைப் பையில் பெயரும் வீட்டுப் போன் எண்ணும் எழுதிய அட்டை இருக்கட்டும்.

இதெல்லாம் வீட்டார் செய்வது. அரசு செய்ய வேண்டியது தனியாக இருக்கிறது, அதைக் கேட்டு வாங்கும் பருவமும் இதுதான். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் 8வது பிரிவு, மாவட்டத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகளின் விவரத்தை மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பதிவு செய்து வைத்திருக்க வேண்டும், ஆபத்து வரும்போது அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அந்த ஆணையத்தின் தலைவர் கலெக்டர். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஒரு பக்க மனு கொடுங்கள்: பெயர், எந்த வகைக் குறைபாடு, அடையாளத்தோடு முகவரி, எந்த மாடி, வெளியேற என்ன உதவி வேண்டும், யாருக்குப் போன் செய்ய வேண்டும். முகாமின் கழிப்பறைப் படியையும் அதிலேயே எழுதலாம். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.

கிராமத்தில் இருப்பவர்களுக்கு நவம்பர் 1 உள்ளாட்சி தினக் கிராம சபை இருக்கிறது. உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்க 2025 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் வழி செய்தது. உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால் அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். வெள்ளம் புகாமலிருக்கத் தெருவை உயர்த்துகிறார்கள், நல்லதுதான்; உயர்த்திய தெருவிலிருந்து வீட்டு வாசல் ஒன்றரை அடி பள்ளத்தில் போனால் சக்கர நாற்காலி உள்ளேயே கிடக்கும். மழைநீர் வடிகாலுக்கு மூடியில்லாமல் விட்டால் அது பார்வையற்றவருக்கு வெட்டிய குழி. வேலை தொடங்கும் முன் எங்களைக் கேளுங்கள் என்பதைத் தீர்மானமாகவே எழுதச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. சக்கர நாற்காலி, செயற்கைக் கால், காது கருவி என்று வீட்டில் இருக்கும் ஒவ்வொன்றையும் வரிசை எண் தெரியும்படி இன்றே படம் எடுங்கள். வெள்ளத்தில் போனால் வேறொன்று கேட்டு விண்ணப்பிக்கும்போது அந்தப் படம் உதவும். எடுத்ததை வெளியூரில் இருக்கும் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். உங்கள் போனும் நனையலாம்.