லான்ட் ரோவரும் துருவும்

கேள்வி: பழைய லான்ட் ரோவர் துருப்பிடிக்காது என்கிறார்களே, உண்மையா? (வாசகர், உடையார்கட்டு)

பதில்: பாதி உண்மை. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய பிரிட்டனில் உருக்கு பங்கீட்டில்தான் கிடைத்தது. அலுமினியத்துக்கு அந்தத் தட்டுப்பாடு இல்லை. ரோவர் கம்பனியின் பொறியியலாளர் மோரிஸ் வில்க்ஸ், அமெரிக்க ஜீப்பைப் பார்த்து உருவாக்கிய வண்டிக்கு அலுமினியக் கலவைத் தகடு போர்த்தியது அதனால்தான். 1948 ஏப்ரல் 30இல் அம்ஸ்ரர்டாம் கண்காட்சிக்கு வந்தது தட்டுப்பாட்டின் பிள்ளை. நீண்ட ஆயுளை எண்ணிப் போட்ட திட்டம் அல்ல. ஆனால் அடிச்சட்டமான சேசிஸ் உருக்குத்தான். மாரிச் சேறு அதன் பெட்டிக்குழாய்க்குள் தங்கினால் உள்ளிருந்தே அரிக்கும். உருக்கும் அலுமினியமும் தொடும் இடத்தில் ஈரம் நின்றால் அலுமினியமும் வெள்ளைத் தூளாக உதிரும்.

அப்படியானால் டார்ஜிலிங் மலையில், மானேபஞ்சனிலிருந்து சந்தக்ஃபூவுக்கு 1950களின் வண்டிகள் அரை நூற்றாண்டுக்கு மேல் ஏறியது எப்படி என்று கேட்பீர்கள். தகட்டால் மட்டுமல்ல. நட்டும் போல்ட்டுமாகப் பூட்டிய உடல். பழுதான பாகத்தை மட்டும் கழற்றி மாற்றலாம். துருப்பிடிக்காததால் அல்ல, திருத்த முடிந்ததால் நிலைத்த வண்டி அது. வாங்கப் போகிறீர்களென்றால் மினுங்கும் பக்கத்தகட்டைப் பார்த்து மயங்காதீர்கள்; கீழே படுத்து, சேசிஸைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். சத்தம் மந்தமாக வந்தால் விலை பேசவே வேண்டாம்.