பாட்டில்காரரும் பர்மாக் கணக்கும்

பொன்னமராவதி

அன்புள்ள வள்ளிக்கு,

அம்மான் எழுதுவது. நீ வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் கேட்டதற்கு இரண்டு வரியில் பதில் சொல்ல முடியவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

உன் மருத்துவக் கல்லூரி விழாவில் ஜாம்செட்ஜி ஜீஜீபாயைப் பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள் என்றாய். ‘அபின் விற்றவருக்குப் பாராட்டு வேறா?’ என்று உன் வகுப்புப் பையன் கேட்டானாம், நீயும் குழம்பிப்போயிருக்கிறாய். அவன் கேட்டது நல்ல கேள்விதான். ஆனால் அதை ஒரு வரியில் கேட்டுவிட்டு நகர்ந்துவிட்டான். நீ உட்கார்ந்து முழுக் கணக்கையும் பார்.

ஜீஜீபாய் பிறந்தது 1783இல். வளர்ந்தது குஜராத்தின் நவசாரியில், வசதியில்லாத பார்சிக் குடும்பத்தில். 1799இல் தாயும் தகப்பனும் போய்விட்டார்கள். பதினாறு வயதுப் பையன் பம்பாய்க்கு வந்து, பழைய பாட்டில் வாங்கி விற்கும் உறவினரிடம் வேலைக்குச் சேர்ந்தான். பாட்லிவாலா என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. பின்னாளில் அந்த உறவினரின் மகள் ஆவாபாயையே கல்யாணமும் செய்துகொண்டார். பள்ளிப் படிப்பு பெரிதாக இல்லை. குஜராத்தியும் கணக்கும் தெரியும், ஆங்கிலம் வியாபாரத்துக்கு வேண்டிய அளவு. நம் பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு வயதில் வட்டிக்கடைப் பெட்டியடி வேலைக்குக் கப்பலேறிய பிள்ளைகளின் கதையும் இப்படித்தானே தொடங்கும்!

சீனாவுக்கு அவர் போனது ஐந்து முறை. 1805இல் போன பயணத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ‘பிரன்ஸ்விக்’ என்ற கப்பல் இலங்கையின் காலி முனைக்கு அருகே போனபோது பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் அதைப் பிடித்துக்கொண்டன. அப்போது நெப்போலியன் காலத்துப் போர். சரக்கெல்லாம் போயிற்று. கப்பலைத் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்குக் கொண்டுபோனார்கள். இருபத்திரண்டு வயது ஜீஜீபாய் கையில் காசில்லாமல் அங்கே கிடந்து, எப்படியோ ஊர் வந்து சேர்ந்தார். அந்தக் கப்பலின் மருத்துவருக்கு அவரைவிட ஒரு வயதுதான் குறைவு. பெயர் வில்லியம் ஜார்டின். மருத்துவத் தொழிலை விட்டுவிட்டு, 1832இல் சீனாவின் காண்டனில் ‘ஜார்டின் மாத்தீசன்’ கம்பெனியைத் தொடங்கியவர் அவர்தான். அந்தக் கம்பெனிக்குப் பம்பாயிலிருந்து சரக்கு அனுப்பிய வணிகர்களில் முதலிடம் ஜீஜீபாய்க்கு. நஷ்டத்தில் முடிந்த பயணத்தில் கிடைத்த சிநேகிதம்தான் அவருக்கு ஆயுள் முழுக்க லாபம் கொடுத்தது.

சரக்கு என்ன? முதலில் பருத்தி, பிறகு பருத்தியும் அபினும். இது எப்படி நடந்தது என்று தெரியாமல் பேசாதே. இங்கிலாந்துக்குத் தேயிலை வேண்டும். சீனாக்காரர் வெள்ளி கொடுத்தால்தான் தேயிலை கொடுப்பார். அந்த வெள்ளியைச் சீனாவுக்குள்ளேயே சம்பாதிக்க ஒரு சரக்கு தேவைப்பட்டது. வங்காளப் பக்கத்து அபின் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோகம், கல்கத்தாவில் ஏலம் விடுவார்கள். மாளவத்து அபினோ சமஸ்தானங்களில் விளைந்தது. அது கம்பெனியின் கைக்குள் அடங்காமல், போர்ச்சுக்கீசியரின் டாமன் துறைமுகம் வழியாகக் கசிந்துகொண்டிருந்தது. அடக்க முடியாது என்று தெரிந்ததும், தீர்வை கட்டிவிட்டுப் பம்பாய் வழியாகவே கொண்டுபோங்கள் என்று கம்பெனி வழிவிட்டது. பம்பாய் வணிகர்கள் கொழுத்தது அங்கேதான். ஒரு பெட்டி அறுபது கிலோவுக்கு மேல். சீனாவில் தடை இருந்ததால் கப்பல்கள் கரைக்குப் போகாமல் தீவோரத்தில் நின்றுகொள்ளும், துடுப்புப் படகுகள் இரவில் வந்து இறக்கிக்கொண்டு போகும்.

‘அந்தக் காலத்தில் அது தப்பென்று யாருக்கும் தெரியாது’ என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதே. சீனப் பேரரசர் முதல் தடை போட்டது 1729இல், ஜீஜீபாய் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பு. 1839இல் லின் சஷூ என்ற ஆணையர் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகளைப் பறிமுதல் செய்து, சுண்ணாம்பும் உப்பும் போட்டுக் கரைத்துக் கடலில் விட்டார். அதற்காகத்தான் இங்கிலாந்து போருக்குப் போனது. லண்டன் நாடாளுமன்றத்திலேயே அந்தப் போரை வெட்கக்கேடு என்று எதிர்த்துப் பேசினார் கிளாட்ஸ்டன். 1842இல் போர் முடிந்து ஹாங்காங் பிரிட்டிஷார் கைக்குப் போயிற்று. அதே 1842இல் ஜீஜீபாய்க்குச் ‘சர்’ பட்டம். இந்தியர் ஒருவருக்கு அது முதல் முறை. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டென்று நான் சொல்லவில்லை. உன் பேச்சில் இரண்டு செய்தியையும் அடுத்தடுத்து வை, கேட்பவர்கள் யோசித்துக்கொள்ளட்டும்.

இனி வரவுப் பக்கம். இதையும் குறைத்துச் சொல்லக்கூடாது.

1822இல் கடனுக்காகப் பம்பாய்ச் சிறையில் கிடந்த ஏழைகளின் கடனைத் தானே கட்டி வெளியே கொண்டுவந்தார். அப்போது ‘சர்’ பட்டமும் இல்லை, அதற்கான பேச்சும் இல்லை. நீ படிக்கும் ஜே.ஜே. மருத்துவமனைக்கு ஒரு லட்ச ரூபாய் தர முன்வந்தது 1838இல். அந்தக் காலத்து ஒரு லட்சம்! கிராண்ட் மருத்துவக் கல்லூரியும் மருத்துவமனையும் 1845இல் செயல்படத் தொடங்கின. மேல்நாட்டு மருத்துவத்தை இந்தியப் பிள்ளைகள் அங்கே முறையாகக் கற்றார்கள். இன்று நீ பைகுல்லாவில் பிரேதப் பரிசோதனை அறைக்கும் வார்டுக்குமாக ஓடுகிறாயே, அந்த வரிசையின் தொடக்கம் அது. 1857இல் தொடங்கிய ஓவியப் பள்ளிக்கு இன்னொரு லட்சம்.

எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பிடித்தது மாஹிம் பாலம்தான். மாஹிமுக்கும் பாந்திராவுக்கும் நடுவே கழி. படகு கவிழ்ந்து ஆட்கள் சாவது வாடிக்கை. பாலம் கட்டக் காசில்லை என்று அரசாங்கம் கைவிரித்துவிட்டது. ஆவாபாய் 1,57,000 ரூபாய் கொடுத்தார். ஒரே நிபந்தனை: நடந்து போகிறவரிடமும் வண்டிக்காரரிடமும் சுங்கம் வாங்கக்கூடாது. 1845இல் திறந்தார்கள். கொடுத்தவர் பெயரைப் பொறிப்பது எல்லோரும் செய்வது. கொடுத்த பொருளை ஏழை காசில்லாமல் பயன்படுத்த முடியுமா என்று முன்கூட்டியே யோசித்து எழுதி வாங்கியது அந்த அம்மாளின் புத்தி. உன் பேச்சில் ஆவாபாய்க்கு ஒரு நிமிடமாவது ஒதுக்கு.

இதெல்லாம் ஏதோ பம்பாய்க்காரர் விவகாரம் என்று நினைத்துவிடாதே. ராயவரம், அரிமளம், குழிபிறை, வலையபட்டி என்று நம் புதுக்கோட்டைச் சீமையில் நீ பார்த்து வளர்ந்த நகரத்தார் வீடுகளின் தேக்குத் தூண்கள் எங்கிருந்து வந்தன? ஐராவதி ஆற்றுப் படுகையில் காட்டை வெட்டி வயலாக்கிய பர்மிய உழவருக்கு ரங்கூனில் நம்மவர் வட்டிக்கடைகள் இருந்த கிட்டங்கிகளிலிருந்து போன கடனின் வட்டியில் வந்தவை. அந்தக் கடன் இல்லாமல் அவ்வளவு நெல் விளைந்திருக்காது, அது உண்மை. 1930இல் உலகப் பொருளாதார மந்தத்தால் நெல் விலை சரிந்ததும் என்ன ஆயிற்று என்பதும் உண்மை. அந்த ஆண்டு கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நூற்றுக்கு ஆறு பங்கு நிலம் நம்மவர் கையில் இருந்தது. ஏழெட்டு வருஷத்தில் அது நூற்றுக்கு இருபத்தைந்து ஆயிற்று. நிலம் வேண்டுமென்று யாரும் போகவில்லை, பணம் திரும்பினால் போதுமென்றுதான் இருந்தார்கள் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். அதுவும் சரிதான். ஆனால் நிலத்தை இழந்தவனுக்கு அந்த வித்தியாசம் விளங்கியிருக்குமா? 1942இல் ஜப்பான்காரன் வந்ததும் நம்மவர் காடும் மலையுமாக நடந்தே ஊர் திரும்பிய கதையை நம் வீடுகளில் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறாய். பர்மியன் பக்கத்துக் கதையைச் சொல்ல நம் வீட்டில் ஆளில்லை.

அபினையும் வட்டியையும் ஒரே தட்டில் வைக்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே. தடை செய்த போதைப் பொருளைக் கடத்துவது வேறு, உழவுக்குக் கடன் கொடுப்பது வேறு. பார்க்கும் முறை மட்டும் ஒன்று. நம்மவர் பேரேட்டில் மகமை என்று ஒரு கணக்கு உண்டு. லாபத்தில் ஒரு பங்கை முதலிலேயே தர்மத்துக்கு எடுத்து வைத்துவிடுவது. கோயில் திருப்பணி, பாடசாலை, ஊரணி எல்லாம் அதிலிருந்துதான். மகமை எழுதிய அதே பேரேட்டில், அதே மையில், அடுத்த பக்கத்தில் வட்டி வரவும் இருக்கும். கல்லில் வெட்டும்போது மகமையை மட்டும் வெட்டுகிறோம். குடுமியான்மலையில் போய்ப் பார், கோயிலுக்கு யார் என்ன கொடுத்தார் என்று கல் நிறைய எழுத்து. எப்படிச் சம்பாதித்துக் கொடுத்தார் என்று எந்தக் கல்லும் சொல்லாது.

‘காலம் அப்படி’ என்ற சமாதானத்துக்கு நம் ஊர்ப் பக்கத்திலேயே ஒரு மறுப்பு உண்டு. பண்டிதமணி கதிரேசச் செட்டியார் முன்னின்று 1909இல் சன்மார்க்க சபை தொடங்கிய மேலைச்சிவபுரியில், 1917இல் பிறந்தவர் வ.சுப. மாணிக்கம். சின்னப் பையனாக ரங்கூனில் ஒரு வட்டிக்கடைக்கு வேலைக்குப் போனார். வருமான வரி அதிகாரி வந்தால் முதலாளி இல்லையென்று சொல் என்றார்கள். முதலாளி உள்ளேதான் இருக்கிறார். மாட்டேன் என்றான் பையன். வேலை போயிற்று, ஊருக்கு வந்து தமிழ் படித்தான். பிற்பாடு மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். ‘பொய் சொல்லா மாணிக்கம்’ என்று இன்றும் சொல்வார்கள். சுற்றியிருந்த எல்லோரும் வழக்கம் என்று விட்டதை மீசை முளைக்காத பையன் ஒருவன் மறுத்திருக்கிறான்.

அதற்காக ஜீஜீபாயின் சிலையை எடுத்துவிடவா முடியும்? எடுக்க வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. காண்டனில் அபின் புகைத்துக் குடும்பத்தை அழித்தவன் நோயாளியாக உன் வார்டுக்கு வரப்போவதில்லை. வருகிறவன் கட்டட வேலை செய்யும் பீகார்க்காரனோ கொங்கணத்து மீன்காரியோதான். அவர்களுக்குக் கட்டில் கிடைக்கிறது. அபினுக்குக் காசு கொடுத்தவன் ஒருவன், அந்தக் காசில் கட்டிய கட்டிலில் படுப்பவன் இன்னொருவன். இந்த இடைவெளியை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடு. பத்து நிமிடத்துக்கு மேல் பேசினால் யாரும் கேட்க மாட்டார்கள்.

தீபாவளி லீவில் வரும்போது இரண்டு நாள் அதிகமாக இருக்கும்படி டிக்கெட் போடு. ராயவரம் வீட்டு மேல்மாடியில் உங்கள் ஐயா காலத்து ரங்கூன் பேரேடுகள் மூன்று மூட்டை கிடக்கின்றன. பங்காளிகளில் ஒருவர் பழைய பேப்பர்காரருக்குப் போட எடுத்து வைத்திருந்தார், வேண்டாமென்று சொல்லி நிறுத்தியிருக்கிறேன். எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. மகமைப் பக்கத்தையும் வட்டிப் பக்கத்தையும் நீ வாசித்தால் நான் எழுதிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மான்