முருங்கை விதை எண்ணெய்க்கு நாலு துளி போதும்

இராஜாக்கமங்கலத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். முருங்கை விதை எண்ணெய் முடிக்கு நல்லது என்று யாரோ சொல்ல, நூறு மில்லி புட்டி ஒன்றை வாங்கி, தேங்காய் எண்ணெய் வைப்பதுபோல உள்ளங்கை குழிய ஊற்றித் தேய்த்திருக்கிறார். ஒரே வாரத்தில் புட்டி பாதி காலி. தலையணை உறையில் கறை, நெற்றியோரம் பரு. "லேசான எண்ணெய் என்றார்களே?" என்று கேட்கிறார்.

எண்ணெய் லேசானதுதான் அம்மா, நீங்கள் ஊற்றிய அளவுதான் கனம். தென்னைக்கு நடுவில் வாழும் நமக்கு எண்ணெய் என்றாலே கை நிறைய என்று பழக்கம். கடற்கரை ஈரக்காற்றில் வியர்வையே காயாது. அதற்கு மேல் எண்ணெயும் தேங்கி நின்றால் கசகசப்பும் பருவும் வராமல் என்ன செய்யும்?

முதலில் உங்கள் புட்டியில் இருப்பது எது என்று பாருங்கள். 'முருங்கை எண்ணெய்' என்ற பெயரில் இரண்டு சரக்கு விற்கிறது. ஒன்று, முருங்கை இலையைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சியது. அது பச்சையாக இருக்கும். அடிப்படையில் தேங்காய் எண்ணெய்தான். மற்றது விதையின் பருப்பை ஆட்டி எடுத்தது. வெளிர் மஞ்சள், லேசான கடலை வாசம். பின்னதைப் பற்றித்தான் பேசுகிறோம். சந்தேகமிருந்தால் ஒரு கரண்டி எண்ணெயைச் சின்னக் கிண்ணத்தில் விட்டு ஓர் இரவு ஃபிரிட்ஜில் வையுங்கள். விதை எண்ணெய் மங்கித் தடிக்கும். கண்ணாடிபோலத் தெளிவாகவே நின்றால் சூரியகாந்தி எண்ணெய் கலந்திருக்கக்கூடும். மங்கியதாலேயே சுத்தம் என்றும் நம்பிவிட வேண்டாம். கடலை எண்ணெயும் குளிரில் மங்கும்.

இந்த எண்ணெயில் ஏறத்தாழ 70 சதவீதம் ஒலியிக் அமிலம். பெஹெனிக் அமிலமும் சில சதவீதம் உண்டு. மேல்நாட்டில் இந்த எண்ணெயைப் 'பென் எண்ணெய்' என்றார்கள். பெஹெனிக் என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான். எளிதில் காறாது, பிசுக்காகாது. அதனால்தான் ஒருகாலத்தில் கைக்கடிகாரச் சக்கரங்களுக்கு இதைப் போட்டார்கள். தனக்கென்று பெரிய மணம் இல்லாமல் பூமணத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதால் அத்தர்க்காரர்களும் தேடினார்கள்.

அதற்காகத் தேங்காய் எண்ணெயைத் தூக்கி எறிய வேண்டாம். முடித்தண்டுக்குள் புகுந்து புரத இழப்பைக் குறைப்பது தேங்காய் எண்ணெய் என்று ஆரத்தி ரேலேயும் மொஹிலேயும் 2003இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. சூரியகாந்தி எண்ணெயும் மினரல் ஆயிலும் அந்தச் சோதனையில் தேறவில்லை. ஆகவே குளிக்கும் முன் தேங்காய் எண்ணெய், குளித்தபின் முருங்கை விதை எண்ணெய். முடியைத் துவட்டி, ஈரம் இன்னும் இருக்கும்போதே நாலு துளியை இரு உள்ளங்கையிலும் பரப்பி, காதுக்குக் கீழே நுனிவரை தடவுங்கள். உச்சந்தலைக்கு வேண்டாம். முகத்துக்கு இரண்டு துளி, அதுவும் ஈரத்தோலில், இரவில் மட்டும். பரு ஆறும்வரை முகத்துக்கு அதுவும் வேண்டாம்.

வீட்டிலேயே செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது பிச்சிப்பூ எண்ணெய். தோவாளைப் பூச்சந்தை பக்கத்தில் இருக்கும்போது வாசனைக்கு வேறெங்கும் போக வேண்டாம். மாலையில் மொட்டாக வாங்கி, ஈரமில்லாத துணியில் பரப்பிவிடுங்கள், இரவில் விரியும். விரிந்ததும் காம்பும் பச்சையும் கிள்ளிவிட்டு, ஒரு கைப்பிடிப் பூவை நூறு மில்லி முருங்கை விதை எண்ணெயில் முழுக அமிழ்த்துங்கள். அடுப்பு வேண்டாம், வெயிலும் வேண்டாம். காலையில் வடித்து, அன்றிரவே புதுப்பூ. இப்படி ஐந்தாறு நாள். முதல் இரண்டு நாள் வெறும் இலைவாசம் வருகிறதே என்று சோர்ந்துபோகாதீர்கள். கடைசியில் கண்ணாடிக் குவளையில் ஒரு நாள் அசையாமல் வையுங்கள். பூவிலிருந்து இறங்கிய தண்ணீர் அடியில் தங்கும். மேலே உள்ளதை மட்டும் நிறப்புட்டியில் ஊற்றிக்கொள்ளுங்கள். அடித்தண்ணீரில் ஒரு சொட்டுகூடச் சேரக்கூடாது.

உதட்டுக்கும் குதிகால் வெடிப்புக்கும் களிம்பு இன்னும் எளிது. எடையில் நாலு பங்கு எண்ணெய், ஒரு பங்கு தேன்மெழுகு. சித்திரை வெயிலில் இளகினால் மூன்றுக்கு ஒன்று. மெழுகு ஏறத்தாழ 63 டிகிரியில் உருகும். கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்தாலே போதும். மெழுகுக்கு மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்ப்பவர்களைக் கேளுங்கள்.

இப்போது என் வெட்கக்கேட்டையும் சொல்லிவிடுகிறேன். முதல்முறை பூ எண்ணெய் செய்தபோது, கற்றாழை சேர்த்தால் இன்னும் குளிர்ச்சி என்று சோற்றை அப்படியே வழித்துப் போட்டேன். பத்தாம் நாள் புட்டியின் கழுத்தில் பூஞ்சணம். சுத்த எண்ணெயில் கிருமி வளராது. தண்ணீர் சேர்ந்ததும் வளரும். கற்றாழை, பன்னீர், தயிர் எதுவானாலும் அன்றைக்கு வேண்டியதைக் கையில் குழைத்துப் பூசிக் கழுவிவிடுங்கள். புட்டிக்குள் போகக்கூடாது.

சொந்தமாக ஆட்டக் கொடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. விதைக்கடையில் பி.கே.எம்.1 என்று விற்கும் முருங்கை விதை விதைப்புக்கானது, மருந்து கலந்திருக்கக்கூடும். அதை ஆட்டாதீர்கள். மரத்திலேயே முற்றிக் காய்ந்த நெற்றை உடைத்து, இறகையும் ஓட்டையும் நீக்கி, பருப்பை நன்றாக உலர்த்திக் கொடுங்கள். பருப்பில் 35 முதல் 40 சதவீதம் எண்ணெய் இருந்தாலும், கிலோவுக்கு முந்நூறு மில்லி இறங்கினாலே நல்ல செக்கு. விலை ஏன் இப்படி என்று அப்போது புரியும்.

பொடுகுக்கு இது மருந்து என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பொடுகுக்குக் காரணமான பூஞ்சை தலையின் எண்ணெயைச் சிதைக்கும்போது வெளிவரும் ஒலியிக் அமிலம்தான் தோலை உறுத்துகிறது. அதே அமிலத்தை நாமே கொண்டுபோய் ஊற்றுவானேன்? கரப்பான் உள்ளவர்களுக்கும் பச்சைப்பிள்ளைகளுக்கும் இதே காரணத்தால் தவிர்க்கச் சொல்வேன். மற்றவர்களும் முழங்கை மடிப்பில் ஒரு துளி தடவி இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டே முகத்துக்குப் போங்கள். வெயிலைத் தடுக்கும் வேலையும் இதற்குத் தெரியாது. அக்கம்பக்கத்துக்கு விற்கலாம் என்று தோன்றினால், 2020ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளின்படி, செய்து விற்க உரிமம் வேண்டும்.

வாசகிக்கு மிச்சம் ஐம்பது மில்லி இருக்கிறது. மில்லிக்கு ஏறத்தாழ இருபது துளி. நாளுக்கு நாலு துளி என்றால் எட்டு மாதம் வரும்.