அண்ணாமலையார் கோயில்: கட்டடமும் சிற்பமும் – முக்கியக் குறிப்புகள்

• திருவண்ணாமலை, பஞ்சபூதத் தலங்களில் நெருப்புத் தலம். இறைவி உண்ணாமுலையம்மன்.

• கிழக்கு ராஜகோபுரம் 11 நிலை, 217 அடி. தொடங்கியவர் விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் (1509–1529). முடித்தவர் தஞ்சை நாயக்க மரபின் முதல்வர் செவ்வப்ப நாயக்கர். வினாத்தாளின் விடைகளில் இரண்டு பெயரும் அடுத்தடுத்து இருக்கும். கேள்வி ‘தொடங்கியவர்’ என்கிறதா, ‘முடித்தவர்’ என்கிறதா என்று பார்த்துவிட்டு வட்டமிடுங்கள்.

• தஞ்சைப் பெரிய கோயிலின் உயரம் 216 அடி. ஓர் அடிதான் வித்தியாசம், ஆனால் தஞ்சையில் அந்த உயரம் கருவறைமேல் நிற்கும் விமானத்துக்கு. இங்கே வாசலில் நிற்கும் கோபுரத்துக்கு. பிற்காலச் சோழரிலிருந்தே கோபுரம் வளர, விமானம் சிறுத்தது. இது புரிந்துவிட்டால் மனப்பாடம் பாதி மிச்சம்.

• கோபுரத்தின் அடிப்பகுதி கருங்கல். மேல்நிலைகள் செங்கல்லும் சுண்ணாம்பும், பொம்மைகள் சுதை. மேலே போகப் போக எடை குறைய வேண்டுமே!

• கிழக்கு வாசலில் நுழைந்து நேரே நடந்தால் காலம் பின்னோக்கி ஓடும். முதலில் விஜயநகர, நாயக்கர் காலத்து ராஜகோபுரம். அடுத்து வல்லாள மகாராஜா கோபுரம். 14ஆம் நூற்றாண்டுப் போசள மன்னர் மூன்றாம் வீரவல்லாளரின் பெயர். அதையும் தாண்டிக் கிளி கோபுரம், சோழர் காலத்து உட்பகுதி. ஆண்டு மறந்தாலும் இந்த வரிசை மறக்காது.

• தெற்கு: திருமஞ்சன கோபுரம். மேற்கு: பேய்க் கோபுரம். வடக்கு: அம்மணி அம்மன் கோபுரம். வடக்கை எழுப்பி முடித்தவர் அரசரல்லர். ஊர் ஊராகப் பொருள் திரட்டிய பெண் துறவி அம்மணி அம்மாள். ‘பொருத்துக’ வினாவுக்கு ஏற்ற பெயர்.

• ஆயிரங்கால் மண்டபம், சிவகங்கைத் தீர்த்தம்: கிருஷ்ணதேவராயர். மண்டபத்துக்குள் பாதாள லிங்கம். 1896இல் இவ்வூர் வந்த ரமணர் தவமிருந்த இடம். அருகே கம்பத்து இளையனார் (அருணகிரிநாதருக்காகத் தூணில் தோன்றியதாகச் சொல்லப்படும் முருகன்) சன்னதி, அருணகிரிநாதரோடு சேர்த்துப் படிக்க.

• நாட்டியக் கரணச் சிற்பங்கள் உள்ள கோயில்கள்: தஞ்சை, சிதம்பரம், கும்பகோணம் சாரங்கபாணி, விருத்தாசலம், திருவண்ணாமலை. தஞ்சையில் ஆடுபவர் சிவன்; செதுக்கி முடிந்தவை 81. சிதம்பரம், விருத்தாசலம், திருவண்ணாமலையில் ஆடுபவள் பெண்.

• லிங்கோத்பவர்: கருவறையின் மேற்குச் சுவர்க் கோட்டம். மேலே முடி தேடி அன்னமாகப் பிரம்மன், கீழே அடி தேடிப் பன்றியாகத் திருமால். சோழர் கோயில்கள் பலவற்றில் இந்தச் சிற்பம் உண்டு. அதன் கதை நடந்த மலையோ இந்த ஊரில்.