தொழிற்சாலை நிலைக்குத் திரும்ப மறுக்கும் மடிக்கணனி



விண்டோஸ் 10 இற்கான மைக்ரோசொவ்ற் நிறுவனத்தின் வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிவடைந்தது. அதன் பின் எம்மவர் வீடுகளில் பழைய மடிக்கணனிகள் கைமாறத் தொடங்கின. மூத்த பிள்ளைக்குப் புதியது வாங்க, பழையது இளையவருக்குப் போகிறது. சில யாழ்ப்பாணத்திலுள்ள உறவினரின் பிள்ளைகளுக்குப் போகின்றன. சில விற்கப்படுகின்றன. எப்படிக் கைமாறினாலும் அதற்கு முன் அதைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டுக் கொடுக்க வேண்டும். இதனையே 'றீசெற்' என்கிறோம். அந்த றீசெற் பாதியில் நின்று, "மீளமைப்பதில் சிக்கல் ஏற்பட்டது, மாற்றம் எதுவும் செய்யப்படவில்லை" என்று அறிவித்தால் என்ன செய்வது என்பதே இப்பாடத்தின் பொருள்.

இது ஏன் முக்கியம்?

கணக்காளன் என்ற முறையில் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். எமது மடிக்கணனிகளில் ரி-4, றெலவே-1 பத்திரங்கள், வருமான வரிக் கோப்புகள், வங்கி விபரங்கள், சின் இலக்கம் என்பன இருக்கின்றன. அகதிகளாக வந்த குடும்பங்களின் கணனிகளில் இவற்றைவிடப் பாரதூரமானவையும் உண்டு. பிறப்புச் சான்றிதழ், பழைய அடையாள அட்டை, அகதிக் கோரிக்கைக்காக எழுதிக் கொடுத்த வாக்குமூலம், ஊரில் இருப்பவர்களின் பெயர், முகவரி என்று எல்லாம் ஸ்கான் செய்து வைத்திருப்போம். இவை அந்நியர் கையில் அகப்பட்டால் பணம் மாத்திரமன்றி, ஊரிலுள்ளவர்களின் நிம்மதியும் பாதிக்கப்படலாம்.

"பைல்களை அழித்து, குப்பைத் தொட்டியையும் வெறுமையாக்கிவிட்டோமே" என்று பலர் கூறுவர். அது போதாது. ஒரு பேரேட்டின் முன்பக்க அட்டவணையில் ஒரு பெயரை வெட்டிவிட்டால், உள்ளே உள்ள பதிவுகள் மறைந்துவிடுவதில்லை. கணனியும் அவ்வாறே. அழிக்கும்போது பெரும்பாலும் அட்டவணைப் பதிவே நீக்கப்படுகிறது. மேலே வேறு தகவல் எழுதப்படும்வரை பழையதை மீட்டெடுக்கும் மென்பொருட்கள் உண்டு.

றீசெற் எப்படி வேலை செய்கிறது?

முன்னைய காலத்தில் கணனித் தயாரிப்பாளர்கள் வன்தட்டின் ஒரு மூலையில் முழு விண்டோஸின் பிரதியொன்றை ஒதுக்கி வைத்தனர். 2015இல் வந்த விண்டோஸ் 10 முதல் முறை மாறியது. றீசெற் செய்யும்போது, கணனியில் ஏற்கனவே உள்ள விண்டோஸ் பைல்களைக் கொண்டே புதிய விண்டோஸ் கட்டப்படுகிறது. பழைய வீட்டின் கற்களைக் கொண்டு அதே நிலத்தில் புது வீடு கட்டுவது போன்றது இது. கல் உக்கியிருந்தால் வீடு எழும்பாது.

இந்தக் கட்டட வேலையைச் செய்வது 'றிக்கவறி' எனப்படும் தனியான சிறு இயங்குதளம். அது வன்தட்டின் தனிப் பகுதியொன்றில் இருக்கும். ஆகவே றீசெற் தவறினால் குற்றம் பெரும்பாலும் நான்கில் ஒன்று: றிக்கவறி பகுதி இயங்கவில்லை, விண்டோஸ் பைல்கள் பழுது, மைக்ரோசொவ்ற் அனுப்பிய புதுப்பிப்பில் கோளாறு, அல்லது வன்தட்டே பழுது.

தொடங்குமுன் செய்ய வேண்டியவை

1. வேண்டிய பைல்களை வெளி வன்தட்டுக்குப் பிரதி எடுங்கள். வரிப் பத்திரங்களை அந்த வரி ஆண்டின் முடிவிலிருந்து 6 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். பிரதியை வேறொரு கணனியில் திறந்து பார்த்த பின்னரே அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

2. சார்ஜரைச் செருகுங்கள். பிரின்ரர், யூ.எஸ்.பி. குச்சி யாவற்றையும் கழற்றுங்கள்.

3. 'பிற்லொக்கர்' திறப்பைத் தேடி எடுங்கள். இது 48 இலக்கங்கள் கொண்டது. பல கணனிகளில் உரிமையாளர் அறியாமலே வன்தட்டு பூட்டப்பட்டிருக்கும். மைக்ரோசொவ்ற் கணக்கினுள் நுழைந்து, கணனிகளின் பட்டியலில் பார்த்தால் திறப்பு அங்கே இருக்கக்கூடும். கணனியை முதலில் அமைத்தது மகனோ மருமகளோ என்றால் அவர்களுடைய கணக்கிலும் பாருங்கள். திறப்பு எங்கும் இல்லையென்றால் மைக்ரோசொவ்ற் நிறுவனத்தாலும் அதைத் தர முடியாது.

4. கணனி பாடசாலையோ வேலைத்தலமோ தந்ததா என்று பாருங்கள். அப்படியானால் றீசெற் செய்தாலும் அந்த நிறுவனத்தின் கடவுச்சொல்லையே மீண்டும் கேட்கக்கூடும். அது பழுதல்ல, உரிமை அவர்களுடையது என்பதன் அடையாளம். திருப்பிக் கொடுப்பதே முறை.

படி 1: முதலில் புதுப்பியுங்கள்

2025 ஓகஸ்ட் 12ஆம் திகதி மைக்ரோசொவ்ற் வெளியிட்ட பாதுகாப்புப் புதுப்பிப்புக்குப் பின் விண்டோஸ் 10 கணனிகளிலும், விண்டோஸ் 11இன் 22எச்2, 23எச்2 பதிப்புகளிலும் றீசெற் வேலை செய்யாமற் போனது. வன்தட்டிலோ பாவித்தவரிலோ பிழை இருக்கவில்லை. நிறுவனம் அதனை ஏற்று, ஒரு வாரத்தில், ஓகஸ்ட் 19ஆம் திகதி, அவசரத் திருத்தம் வெளியிட்டது. விண்டோஸ் 11 இற்கு கே.பி. 5066189, விண்டோஸ் 10 இற்கு கே.பி. 5066188. பின்னர் வந்த மாதாந்தப் புதுப்பிப்புகளில் இத்திருத்தம் அடங்கியுள்ளது.

அந்த ஓகஸ்ட் மாதத்தில் மூடி அலுமாரியில் வைத்த மடிக்கணனியை இன்று எடுத்தால் இக்கோளாறு இன்னும் இருக்கும். ஆகவே இணையத்தில் இணைத்து, செற்றிங்ஸினுள் விண்டோஸ் அப்டேற் சென்று, வருபவை அனைத்தையும் ஏற்றி, கணனியை மூடித் திறந்து, பின் றீசெற்றை முயலுங்கள்.

இன்னொன்று: 2025 ஒக்டோபர் 14ஆம் திகதிப் புதுப்பிப்பின் பின் விண்டோஸ் 11இன் 24எச்2, 25எச்2 பதிப்புகளில் றிக்கவறித் திரையில் யூ.எஸ்.பி. வழியாக இணைத்த மவுசும் விசைப்பலகையும் இயங்கவில்லை. ஒக்டோபர் 20ஆம் திகதி கே.பி. 5070773 மூலம் அது திருத்தப்பட்டது. திரை வந்தும் எதையும் அழுத்த முடியவில்லை என்றால் இதுவே காரணமாகலாம்.

படி 2: றிக்கவறி விழித்திருக்கிறதா?

"றிக்கவறி சூழலைக் காணவில்லை" என்ற அறிவிப்பு வந்தால் இப்படியைச் செய்யுங்கள். ஸ்ரார்ட் பொத்தானை அழுத்தி சி-எம்-டி என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். வரும் கறுப்புச் சாளரத்தின் பெயரில் வலப்பக்க மவுசை அழுத்தி, நிருவாகியாகத் திறக்கும் தெரிவை எடுங்கள். அதில் ஆர்-ஈ-ஏ-ஜி-ஈ-என்-ரி-சி என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு இட்டு, ஐ-என்-எவ்-ஓ என்று எழுதி என்ரர் அழுத்துங்கள். நிலை 'டிசேபிள்ட்' என வந்தால் றிக்கவறி உறங்குகிறது. அதே கட்டளையில் ஐ-என்-எவ்-ஓ இற்குப் பதிலாக ஈ-என்-ஏ-பி-எல்-ஈ என்று எழுதினால் விழித்துக்கொள்ளும். பின் மீண்டும் றீசெற்.

மொன்றியலில் வாங்கிய கணனிகளில் இரு சிக்கல்கள் உண்டு. ஒன்று, விசைப்பலகை பிரெஞ்சு அமைப்பில் இருந்தால், ஆங்கில விசைப்பலகையில் சாய்கோடு இருக்கும் இடத்தில் கொம்பு வைத்த பிரெஞ்சு எழுத்து வரும். வலப்புறம் இலக்கப் பலகை இருந்தால் அதிலுள்ள சாய்கோட்டைப் பாவியுங்கள், அது எந்த மொழியிலும் மாறாது. கடவுச்சொல் சரியாக இருந்தும் ஏற்கப்படாவிட்டாலும் முதலில் விசைப்பலகை மொழியைச் சந்தேகியுங்கள். இரண்டாவது, திரை பிரெஞ்சில் இருந்தால் செற்றிங்ஸ் 'பறமெத்ர்' என்றும், றிக்கவறி 'றெக்குபெறாசியோன்' என்றும், றீசெற் 'றெயினிசியலிசே' என்றும் இருக்கும். 'சுப்பிறிமே து' என்றால் "எல்லாவற்றையும் அழி" என்று பொருள். பிரதி எடுக்காமல் அதைத் தொடாதீர்கள்.

கட்டளை இட்டும் றிக்கவறி விழிக்காவிட்டால் அதன் பைல் தொலைந்திருக்கும். படி 4 இற்குச் செல்லுங்கள். றிக்கவறிப் பகுதியில் இடம் போதாமையும் உண்டு. 2024 ஜனவரியில் விண்டோஸ் 10 இற்கு வந்த கே.பி. 5034441 என்ற புதுப்பிப்பு அப்பகுதியில் 250 மெகாபைட் வெற்றிடம் கேட்டது. இல்லாத கணனிகளில் 0x80070643 என்ற பிழை இலக்கம் வந்தது. வன்தட்டின் பகுதிகளைப் பெருப்பிப்பது பழக்கமில்லாதவர்களுக்கு ஏற்ற வேலையல்ல.

படி 3: புதிய கற்களை வரவழையுங்கள்

றீசெற் தொடங்கும்போது இரு தெரிவுகள் தோன்றும். ஒன்று கணனியிலுள்ள பைல்களைக் கொண்டு கட்டுவது, மற்றது 'கிளவுட் டவுன்லோட்'. இரண்டாவது 2020 முதல் உள்ளது. இது விண்டோஸை மைக்ரோசொவ்ற்றிலிருந்து புதிதாக இறக்கிப் பாவிக்கும். முதலாவது தவறிய பல கணனிகளில் இது வெற்றியளிக்கும். 4 கிகாபைற்றுக்கு மேல் இறங்கும், ஆகவே கைத்தொலைபேசி இணைப்பில் செய்யாதீர்கள்.

விண்டோஸே திறக்கவில்லை என்றால், கடவுச்சொல் கேட்கும் திரையில் ஷிவ்ற் விசையை அழுத்தியபடி 'றீஸ்ரார்ட்' கொடுங்கள். நீலத் திரையில் 'ட்றபிள்ஷூட்' என்பதனுள் றீசெற் இருக்கும்.

கணனியைப் பிறருக்குக் கொடுப்பதானால் "எல்லாவற்றையும் அழி" என்பதைத் தெரிந்து, மேலதிக அமைப்புகளில் 'கிளீன் டேற்றா' என்பதையும் இயக்குங்கள். பல மணித்தியாலம் எடுக்கலாம். ஒரே வீதத்தில் நெடுநேரம் நிற்பது போலத் தோன்றினாலும் பொறுங்கள். இடையில் மின்சாரத்தை நிறுத்துவதால் கெட்டுப்போகும் கணனிகளும் உண்டு.

படி 4: யூ.எஸ்.பி. குச்சியிலிருந்து

மேலே உள்ளவை பலிக்காவிட்டால், வேறொரு கணனியில் மைக்ரோசொவ்ற்றின் சொந்த இணையத்தளத்திலிருந்து 'மீடியா கிறியேசன் ரூல்' என்பதை இறக்கி, குறைந்தது 8 கிகாபைற் கொண்ட வெறும் குச்சியில் விண்டோஸை எழுதுங்கள். வேறு தளங்களில் இலவசமாகக் கிடைக்கும் விண்டோஸை நம்பாதீர்கள். குச்சியைச் செருகிக் கணனியைத் திறக்கும்போது டெல், லெனோவோ கணனிகளில் எவ்12, எச்.பி. கணனிகளில் எவ்9 விசையைத் தட்டினால் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும்.

புதிதாக விண்டோஸ் உரிமம் வாங்க வேண்டியதில்லை. முன்னர் முறையாக இயங்கிய கணனியில் அதே ஹோம் அல்லது புரோ வகையை ஏற்றினால், இணையத்தில் இணைந்ததும் உரிமம் தானாகவே ஏற்கப்படும். பிற்லொக்கர் திறப்பைத் தொலைத்தவர்களுக்கும் இவ்வழி திறந்தே உள்ளது. உள்ளே இருந்த பைல்கள் போய்விடும், ஆனால் கணனி மீண்டும் பாவனைக்கு வரும்.

படி 5: வன்தட்டே பழுதானால்

குச்சியிலிருந்தும் ஏற்ற முடியவில்லை, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிற்கிறது, அல்லது உள்ளே 'டிக், டிக்' என்று சத்தம் கேட்கிறது என்றால் வன்தட்டைச் சந்தேகிக்க வேண்டும். மென்பொருளால் அதைக் குணமாக்க முடியாது. எஸ்.எஸ்.டி. ஒன்றை மாற்றிப் போட்டால் பழைய மடிக்கணனி முன்னையதைவிட வேகமாகவே ஓடும். கழற்றிய பழைய வன்தட்டைக் குப்பையில் போடாதீர்கள். உங்கள் பத்திரங்கள் இன்னும் அதில் உள்ளன. கடைக்குக் கொடுத்துத் திருத்துவித்தாலும் பழையதைத் திருப்பிக் கேட்டு வாங்குங்கள்.

அப்பிள், குரோம்புக் வைத்திருப்போருக்கு

மக்கில் அழிக்குமுன் அப்பிள் கணக்கிலிருந்து வெளியேற வேண்டும். இல்லையெனில் புதியவர் கையில் அது பூட்டியபடியே இருக்கும். குரோம்புக்கில் வெளியேறிய நிலையில் கொன்ற்றோல், ஆல்ற், ஷிவ்ற், ஆர் நான்கையும் சேர்த்து அழுத்தினால் 'பவர்வொஷ்' திரை வரும்.

கைமாற்றும்போது

றீசெற் முடிந்து, நாடும் மொழியும் கேட்கும் முதல் திரை வந்ததும் அப்படியே மூடிவிடுங்கள். புதியவர் தன் பெயரில் தொடங்கட்டும். உங்கள் மைக்ரோசொவ்ற் கணக்கின் பட்டியலிலிருந்தும் அக்கணனியை நீக்குங்கள்.

ஊருக்கு அனுப்புவோர் சார்ஜரில் 100-240 வோல்ற் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இலங்கையின் 230 வோல்ற்றில் பிளக் மாற்றி போதும். பற்றரியுள்ள கணனியை விமானத்தில் கைப்பொதியிலேயே கொண்டு செல்லுங்கள். எதற்கும் உதவாதென்று முடிவானால் மொன்றியல் நகரசபையின் எக்கோசென்ரர்கள் இலத்திரனியற் பொருட்களை ஏற்கின்றன. றோஸ்மொன்ற் பகுதியிலுள்ள இன்சேர்ரெக் என்ற சமூக நிறுவனம் பழைய கணனிகளைத் திருத்திப் புதுவாழ்வு கொடுக்கிறது.

படிகளை வரிசைப்படி செய்யுங்கள், தாண்டாதீர்கள். கணக்கில் ஐந்தொகை பொருந்தாதபோது முதற் பதிவிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்து வருவோம் அல்லவா, இங்கும் அதுவே வழி. இந்தத் தாளை மடித்துக் கணனிப் பையினுள் வைத்திருங்கள். வீட்டிலுள்ள முதியோருக்கு, அவர்களுடைய திறப்பு இலக்கங்களை ஒரு கடதாசியில் எழுதி, கடவுச்சீட்டோடு சேர்த்து வைத்துக் கொடுப்பது பிள்ளைகள் இவ்வார இறுதியிலேயே செய்யக்கூடிய சிறு உதவி.