சூப்பர்வைசர் முன்னால் நிரப்பிய படிவம்

கேள்வி: நான் சமூகப்பணி முதுகலை மாணவி. ஆம்பூர் வட்டாரத்தில் ஷூ தைக்கும் பெண்களின் வேலைநிலை பற்றி ஆய்வு செய்கிறேன். ஒரு கம்பெனியில் அனுமதி வாங்கி, மதிய இடைவேளையில், சூப்பர்வைசர் முன்னால், 120 பெண்களிடம் கேள்வித்தாள் கொடுத்தேன். கூலி, பாதுகாப்பு, மேலாளர் நடத்தும் விதம் என எல்லாவற்றுக்கும் கிட்டத்தட்ட எல்லோருமே ‘திருப்தி’ என்று டிக் செய்திருக்கிறார்கள். ஆனால் மாலையில் அதே பெண்களோடு வேனில் வரும்போது காதில் விழுந்த பேச்சு வேறு. ‘வேறு கருத்து’ என்று கடைசியில் விட்ட இடம் காலியாகவே இருக்கிறது. 384 பேர் வேண்டும், ஆல்ஃபா பார்க்க வேண்டும் என்கிறார் வழிகாட்டி. ஒரே கேள்வித்தாளில் எண்ணிக்கையும் எடுத்து, மனதில் உள்ளதையும் வாங்க முடியுமா?

– வாசகி, மாதனூர்

பதில்: தாளைக் கையில் கொடுத்து நிரப்பச் சொன்னால் முடியாது. அதுவும் கம்பெனி வளாகத்துக்குள் முடியவே முடியாது. நீங்கள் கொடுத்தது என்னவோ ஆய்வுத்தாள்தான். அந்தப் பெண்களுக்கு அது கம்பெனி கொடுத்த காகிதம். ‘திருப்தி இல்லை’ என்று டிக் செய்து நாளைக்கு வேன் வராமல் போனால் நீங்களா பொறுப்பேற்பீர்கள்?

யார் கேட்கிறார்கள், எங்கே கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்துப் பதில் எவ்வளவு மாறும் என்பதற்கு உங்கள் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. வேலூர் சிஎம்சியின் சமுதாய நலத்துறை, கணியம்பாடி ஒன்றியத்தில் இறப்பு நேர்ந்த வீடுகளில் விசாரித்து, என்ன காரணத்தால் இறந்தார் என்று பதிவு செய்துவந்தது. 1994 முதல் 1999 வரையிலான இறப்புகளை அப்படிப் பார்த்ததில், தற்கொலை விகிதம் அரசுக் கணக்கைவிடப் பல மடங்கு அதிகம் என்று தெரிந்தது. 2003-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அந்த ஆய்வு வெளியானது. போலீஸ் ஸ்டேஷனில் ‘வயிற்று வலி’ என்று முடிந்துபோகக்கூடிய விஷயத்தை, ஊருக்குள் பழகிய சுகாதாரப் பணியாளரிடம் வீட்டார் சொல்லிவிடுகிறார்கள். இந்த வகை விசாரணையில் ஆம், இல்லை என்று குறிக்கும் கேள்விகளும் உண்டு, நடந்ததை வீட்டார் தம் வாயால் சொல்ல விட்டு எழுதிக்கொள்ளும் பகுதியும் உண்டு. நீங்கள் விரும்புவது இதைத்தான். ஆனால் அதற்கு எதிரே உட்கார்ந்து கேட்க ஆள் வேண்டும். காகிதத்தைக் கையில் கொடுத்துவிட்டுக் காலி இடம் விட்டால், அது காலியாகத்தான் திரும்பி வரும்.

ஆகவே வரிசையை மாற்றுங்கள். முதலில் பேச்சு, பிறகுதான் படிவம். பதினைந்து இருபது பெண்களிடம் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் போய்ப் பேசுங்கள். கம்பெனிக்குள் வருகிறவர்கள் மட்டும் போதாது. ஏஜென்ட் கொண்டுவந்து போடும் அப்பர்களை, அதாவது ஷூவின் மேல்பகுதிகளை, வீட்டிலேயே கையால் தைத்துக் கொடுக்கிற பெண்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம். பெங்களூரின் சிவிடெப் அமைப்பு பிரிட்டிஷ் அமைப்புகளோடு சேர்ந்து 2016-ல் வெளியிட்ட அறிக்கை இவர்களைப் பற்றியதுதான். கம்பெனிப் பதிவேட்டில் இவர்கள் பெயர் இராது. ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் பல வீடுகளில் உருது பேசுவார்கள். உருது பேசும் தோழி ஒருத்தியைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

இந்தப் பேச்சிலிருந்து கேள்விகள் தாமாக வரும். ‘கூலி திருப்தியாக உள்ளதா’ என்பதைத் தூக்கிப் போடுங்கள். நேற்று எத்தனை ஜோடி தைத்தீர்கள்? எத்தனை மணிக்கு உட்கார்ந்து எத்தனை மணிக்கு எழுந்தீர்கள்? மகளோ மாமியாரோ கூடத் தைத்தார்களா? ஜோடிக்கு எவ்வளவு? கடைசியாகப் பணம் கைக்கு வந்தது என்றைக்கு? ஊசி யார் காசில்? இந்த ஆறில் ஒரு மணி நேரத்துக்கு என்ன கூலி என்று நீங்களே வகுத்துப் பார்த்துக்கொள்ளலாம். அவர் யாரையும் குறை சொல்லத் தேவையில்லை, நேற்று நடந்ததைச் சொன்னால் போதும்.

எண்ணக்கூடியதைக் கேட்பதன் பலம் பெரிது. தோல் ஆலைக் கழிவுநீர் வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பைப் படியுங்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு அது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களில் 13 கிராமங்களில் ஒரு தொண்டு நிறுவனம் எடுத்த கணக்கு அதில் இருக்கிறது: 467 கிணறுகளில் 350 கெட்டுப்போய்விட்டன. ‘தண்ணீர் உங்களுக்குத் திருப்தியா’ என்று 13 கிராமத்திலும் கேட்டிருந்தால் அந்தத் தாள் நீதிமன்ற வாசலைத் தாண்டியிருக்குமா?

உடல் வலிக்குப் புதிதாகக் கேள்வி எழுத வேண்டாம். 1987-ல் வெளியான நார்டிக் கேள்வித்தாள் இருக்கிறது. மனித உருவப் படத்தில் கழுத்து, தோள், மணிக்கட்டு, இடுப்பு என ஒன்பது பகுதிகள். கடந்த 12 மாதத்தில் வலித்ததா, கடந்த 7 நாளில் வலித்ததா என்று கேட்கும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் விரலால் தொட்டுக் காட்டிவிடலாம்.

குடும்ப வருமானத்தை நேராகக் கேட்காதீர்கள். மகளிர் உரிமைத் தொகைக்கு ஆண்டு வருமான வரம்பு இரண்டரை லட்சம் என்பது வீட்டுக்கு வீடு தெரியும். கையில் தாளோடு ஒரு பெண் வந்து வருமானம் கேட்டால், மாதம் ஆயிரம் நின்றுவிடுமோ என்றுதான் முதலில் தோன்றும். வரும் எண் குறைவாகத்தான் இருக்கும்.

இனி உங்கள் வழிகாட்டி கேட்கும் இரண்டு. 384 என்பது 95 சதவீத நம்பகத்தன்மை, 5 சதவீதப் பிழை என்ற கணக்கில் வருவது. எல்லோர் பெயரும் உள்ள பட்டியலிலிருந்து குலுக்கி எடுத்தால்தான் அதற்கு அர்த்தம். வீட்டில் தைப்பவர்களுக்குப் பட்டியலே கிடையாது. நான்கைந்து கிராமங்களைத் தேர்ந்தெடுத்து, தெருத் தெருவாக நடந்து, ஷூ தைக்கும் வீடுகளை நீங்களே குறித்து, அதில் ஐந்தில் ஒன்றை எடுங்கள். நூறு வந்தாலும் அது உருப்படியான நூறு. ஒருத்தர் காட்டிய இன்னொருத்தர் என்று போனால் ஒரே ஏஜென்டின் ஆட்களாகவே சேர்ந்துவிடுவார்கள்.

ஆல்ஃபா 0.7-க்கு மேல் வந்தால் வழிகாட்டிக்கு நிம்மதி, தெரியும். கேள்விகளுக்கு வந்த பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பதை மட்டுமே அது சொல்லும். அவை உண்மையா என்று அதற்குத் தெரியாது. சூப்பர்வைசருக்குப் பயந்து, ஒருவர் எல்லாக் கட்டத்திலும் ‘திருப்தி’ என்றும் இன்னொருவர் எல்லாவற்றிலும் ‘மிகவும் திருப்தி’ என்றும் போட்டாலே ஆல்ஃபா அழகாக உயர்ந்துவிடும்.

பெயர், போன் நம்பர், போட்டோ எதுவும் வேண்டாம். சின்ன ஊரில் ஏஜென்ட் ஒருவர்தான் என்றால், ‘மூன்று பெண் குழந்தைகள் உள்ள விதவை’ என்று எழுதினாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். அப்படிப்பட்ட அடையாளங்களை மாற்றி எழுதுங்கள்.

அந்த 120 படிவங்களைக் கிழிக்க வேண்டாம். வயது, எத்தனை வருட வேலை, எந்த ஊர் என்பவற்றுக்கு அவை உதவும். திருப்திக் கேள்விகளின் பதிலை மட்டும் முடிவாக எடுக்காதீர்கள். எங்கே, யார் பார்த்திருக்க நிரப்பப்பட்டன என்பதை ஆய்வேட்டின் முறையியல் அத்தியாயத்தில் ஒளிக்காமல் எழுதுங்கள். வழிகாட்டியிடம் இரண்டு மாதம் கூடுதலாகக் கேளுங்கள். இந்தப் பதிலைக் காட்டியே கேளுங்கள்.