ஆச்சி வீட்டுக் கதவுக்கு எத்தனை நியூட்டன் மீட்டர்?

மினி ப்ராஜெக்ட்னு சொன்னதும் நம்ம பசங்க கை தானா போற இடம் ஒண்ணு இருக்கு: ஒரு ஆர்டுயினோ, ஒரு ஆர்எஃப்ஐடி ரீடர், தெர்மாகோல் கதவு, அதைத் தள்ள குட்டி சர்வோ. கார்டைக் காட்டினா கதவு திறக்கும், ரிவ்யூ முடிஞ்சுது. அதே ப்ராஜெக்டை நம்ம காரைக்குடி வீடு ஒன்றில் மாட்டிப் பார்ப்போம். பேப்பரில்தான், பயப்படாதீங்க.

பழைய செட்டிநாட்டு வீடுகளுக்குள் போயிருப்பீர்கள். முகப்பிலிருந்து வளவு, பின்கட்டு என்று நேர்கோட்டில் கதவுகள், எல்லாம் பர்மா தேக்கு. பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, உள்ளே ஒரு ஆச்சி மட்டும் இருக்கும் வீடுகள் உண்டு. ஒரு கையில் ஊன்றுகோல், மறு கையில் காய்கறிப் பை. கை வைக்காமல் திறக்கும் கதவு இவருக்குத்தான் உண்மையிலேயே வேண்டும்.

முதலில் தள்ளுவது. ஒரு பக்கக் கதவு 60 கிலோ, அகலம் 0.6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நிலைமத் திருப்புத்திறன் mw²/3, அதாவது 7.2 கிலோகிராம் மீட்டர்². 90 டிகிரியை 4 விநாடியில் திறக்கணும். பாதி நேரம் வேகமெடுக்கும், பாதி நேரம் தணியும். இதற்குத் தேவையான முறுக்கு விசை வெறும் 2.8 நியூட்டன் மீட்டர். இவ்வளவுதானா என்று தோணும். ஆனால் ஆடிக் காற்றைச் சேருங்கள். விநாடிக்கு 6 மீட்டர் காற்று, 1.2 சதுர மீட்டர் பலகையில் நேராக மோதினால் கிட்டத்தட்ட 8 நியூட்டன் மீட்டர். மரக் குடுமியில் சுழலும் கதவானால் அந்த உராய்வு வேறு. அதைக் கணக்குப் போடாதீங்க, அளங்க: தொங்கு தராசைக் கதவின் ஓரத்தில் மாட்டி மெதுவாக இழுத்தால், 2 கிலோ காட்டினால் சுமார் 12 நியூட்டன் மீட்டர். நம்ம குட்டி சர்வோ தருவது 0.2கூட இல்லை.

காற்று சின்ன விஷயமில்லை. அமெரிக்காவின் கார்ப்பஸ் கிறிஸ்டி நகரில் காற்றோடு கதவுகள் மல்லுக்கட்டுவதைப் பார்த்துத்தான், 1954இல் ஹார்ட்டனும் ஹெவிட்டும் தானியங்கி நகரும் கதவை யோசித்தார்கள். நகரும் கதவைக் காற்று பிடித்துத் தள்ளாது.

சரி, பெரிய மோட்டார் போட்டால்? இப்போ ஆச்சி மேல் கதவு இடிக்கும். மெதுவாகத் திறக்கும் கதவுகளுக்கான அமெரிக்கத் தர விதி, கதவின் இயக்க ஆற்றலை 1.69 ஜூலுக்குள் வைக்கச் சொல்கிறது. நம்ம 4 விநாடிக் கதவில் உச்ச வேகத்தில் 2.2 ஜூல். ஃபெயில்! 5 விநாடி கொடுத்தால் 1.4. ஒரே ஒரு விநாடி பொறுத்தால் போதும்.

அடுத்து, வந்திருப்பது ஆச்சிதான் என்று கதவுக்கு எப்படித் தெரியும்? 125 கிலோஹெர்ட்ஸ் கார்டை ரீடருக்குச் சில சென்டிமீட்டர் பக்கத்தில் நீட்டணும்; கை வேலை தீரவில்லை. ப்ளூடூத் டேக்கை ஊன்றுகோலிலேயே கட்டிவிடலாம் என்பது நல்ல யோசனை மாதிரி இருக்கும். ராத்திரி அந்த ஊன்றுகோல் எங்கே இருக்கும்? கதவுக்குப் பின்னால், சுவரில் சாய்ந்து. வெளியே யாரோ வந்து நிற்கிறான். சென்சார் "ஆள் இருக்கு" என்கிறது, டேக் "நான் பக்கத்தில்தான்" என்கிறது. கதவு திறக்கிறது!

இந்தப் பிழை ரிவ்யூவில் வராது, ஏன்னா தெர்மாகோல் வீட்டுக்குள் யாரும் தூங்குவதில்லை. டேக் பக்கத்தில் இருக்கா என்று மட்டும் கேட்டால் போதாது, கதவுக்கு எந்தப் பக்கம் இருக்கு என்றும் கேட்கணும். சாவியைப் பையிலேயே வைத்துத் திறக்கும் கார்கள் இதைச் செய்கின்றன: தாழ் அதிர்வெண் ஆன்டெனாக்கள் உள்ளேயும் வெளியேயும் இருக்கும், ஒன்றிரண்டு மீட்டருக்குள் இருக்கும் சாவியை எழுப்பும், எந்த ஆன்டெனாவின் சிக்னல் அதிகம் என்று பார்த்து இடத்தைக் கண்டுபிடிக்கும். கதவுக்கும் அப்படி இரண்டு வேண்டும்.

கடைசியாகக் கரண்ட். காந்தப் பூட்டு மலிவு, பிடியும் பலம். ஆனால் 12 வோல்ட்டில் எப்போதும் அரை ஆம்பியர் குடிக்கும். 7 ஆம்பியர் அவர் பேட்டரி, கணக்குப்படி 14 மணி நேரம். நடைமுறையில் இன்னும் குறைவு. அது தீர்ந்ததும் வீடு திறந்த வீடு. அதனால் கரண்ட் இல்லாதபோது பூட்டியே நிற்கும் வகையைப் போடுங்கள். உள்ளே கைப்பிடியைத் திருகினால் திறக்கணும், வெளியே சாதாரணச் சாவி வேலை செய்யணும்.

இதையும் செய்துவிட்டு, மலிவாகக் கிடைக்கிறதே என்று கார் கண்ணாடி மோட்டாரை மாட்டுபவர்கள் இருக்கிறார்கள். அதில் வார்ம் கியர். மோட்டார் கதவைச் சுற்றும், கதவால் மோட்டாரைச் சுற்ற முடியாது. கரண்ட் போன ராத்திரி பூட்டு திறந்திருக்கும், ஆனால் ஆச்சி தள்ளினால் கதவு அசையாது. கையால் தள்ளினால் விட்டுக்கொடுக்கும் க்ளட்ச் இல்லாமல் அந்த மோட்டாரைக் கதவில் முடுக்காதீர்கள்.

முடுக்குவது என்றதும் ஞாபகம் வருது: சிற்பம் செதுக்கிய நிலையில் ட்ரில் போடாதீங்க. ஆச்சி தினமும் எந்தக் கதவு வழியாகப் போய்வருகிறார் என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் அது பக்கவாட்டில் இருக்கிற சின்னக் கதவாகத்தான் இருக்கும்.